சின்ன பால் ஆலைக்கு சோலார் வெந்நீர்: எங்கே இணைப்பது, எத்தனை பேனல்?

பெருந்துறை_பால்

வணக்கம்ங்க. தினம் 5,000 லிட்டர் பாக்கெட் பால் போடுற ஆலை. 3,000 லிட்டர் கேனில் 32 டிகிரியில் வருது, மீதி 2,000 லிட்டர் குளிரூட்டு நிலையத்திலிருந்து டேங்கரில் 5 டிகிரியில் வருது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குற பாஸ்ச்சரைசர் மணிக்கு 2,000 லிட்டர், ரீஜெனரேஷன் 88 சதவீதம்னு தகட்டில் போட்டிருக்கு. விறகு பாய்லர், மணிக்கு 300 கிலோ ஸ்டீம். நாளுக்கு 220 கிலோ விறகு போகுது, கிலோ 6 ரூபாய், சீமைக் கருவேலம்தான்.

வெந்நீர் செலவு: சி.ஐ.பி.க்கு (குழாய், தொட்டியைக் கழற்றாமலே உள்ளே கழுவுறது) 1,800 லிட்டர், கேன், க்ரேட் கழுவ 2,200 லிட்டர். பாய்லருக்கு ஊத்துற ஃபீட் தண்ணி தனியா 900 லிட்டர். போர் தண்ணி, கடினத்தன்மை 600 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்). கழுவுறது காலை 10 மணி, ராத்திரி 10 மணி.

ஒரு சோலார் கம்பெனி 4,000 லிட்டருக்கு வேக்குவம் ட்யூப் சிஸ்டம் 7 லட்சம்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. "80 டிகிரி கிடைக்கும், பாய்லரையே நிறுத்திடலாம்"னு சொல்றாங்க. கேள்வி மூணு: பாய்லரை நிறுத்த முடியுமா? பாஸ்ச்சரைசருக்கே சோலார் குடுக்கலாமா? இந்தத் தண்ணிக்கு ட்யூப் தாங்குமா?

வெப்பக்கணக்கு

பாய்லரை நிறுத்த முடியாது. பாஸ்ச்சரைசருக்கு சோலார் வேண்டாம். ஏன் என்று கணக்கில் பாருங்கள்.

பாஸ்ச்சரைசர்: குளிரூட்டிய பாலை 4 டிகிரியிலிருந்து 72 வரை 68 டிகிரி ஏற்ற வேண்டும். அதில் 88 சதவீதத்தை வெளியேறும் சூடான பாலே உள்ளே வரும் பாலுக்குக் கொடுத்துவிடுகிறது. மீதி 8.2 டிகிரிதான் வெந்நீர் செட்டின் வேலை. 5,000 லிட்டர் × 1.03 அடர்த்தி × 0.93 தன்வெப்பம் × 8.2 டிகிரி = ஏறக்குறைய 39,000 கிலோகலோரி. எல்லோரும் பாஸ்ச்சரைசர்தான் வெப்பத்தைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். தின்பது கழுவும் தண்ணீர். 4,000 லிட்டரை 28-லிருந்து 65-க்கு ஏற்ற 1,48,000 கிலோகலோரி, அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அந்த 39,000-த்தையும் 75 முதல் 78 டிகிரி வெந்நீராகத்தான் கொடுக்க முடியும். திரும்பி வரும் தண்ணீரே 70 டிகிரி இருக்கும். அதை பேனலுக்கு அனுப்பினால் பேனல் முழுநேரமும் 75 டிகிரியில் நிற்கும், வெளிக்காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அதே பேனலுக்கு 28 டிகிரி போர் தண்ணீரைக் கொடுத்தால் அன்றைய வேலையில் பெரும்பகுதி 30 முதல் 60 டிகிரிக்குள் முடிந்துவிடும். சோலாரை எப்போதும் ஆலையில் மிகக் குளிர்ந்த தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் இணைக்க வேண்டும்.

இன்னொன்று, மேகம் வந்து ஹோல்டிங் குழாயில் (பால் 15 வினாடி சூட்டில் நிற்கும் குழாய்) சூடு 72 டிகிரிக்குக் கீழே விழுந்தால் எஃப்.டி.வி. என்ற திருப்பும் வால்வு பாலை மறுபடி தொடக்கத்தில் உள்ள பேலன்ஸ் டேங்குக்கே அனுப்பும். பால் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் அன்றைய உற்பத்தி நின்றுவிடும். 15 வினாடி விஷயத்தை வானிலையின் கையில் கொடுக்காதீர்கள்.

அளவு: உங்கள் ஊரில் ஆண்டுச் சராசரி வெயில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5.2 கிலோவாட் மணி என்று வைக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் 50 சதவீதம் பிடித்தால் 2.6. 4,000 லிட்டரை 28-லிருந்து 60-க்கு ஏற்ற 149 கிலோவாட் மணி வேண்டும். 57 சதுர மீட்டர், குழாய் இழப்போடு 63. கொட்டேஷனில் எத்தனை சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு என்று எழுதி வாங்குங்கள். "4,000 லிட்டர் சிஸ்டம்" என்பது தொட்டியின் அளவு மட்டும்தான்.

இப்போது பணம். அந்த 149 கிலோவாட் மணி, அதாவது 1,28,000 கிலோகலோரிக்கு, கிலோவுக்கு 3,500 கிலோகலோரி விறகு, 60 சதவீத பாய்லர் என்றால் 61 கிலோ. நாளுக்கு 366 ரூபாய். ஆண்டில் 280 வெயில் நாள் என்றால் ஒரு லட்சம் சொச்சம். 7 லட்சம் திரும்பி வர 7 ஆண்டு. இதே ஆலை டீசல் பாய்லரில் ஓடியிருந்தால் நாளுக்கு 18 லிட்டர் டீசல் மிச்சம், ஒன்றரை ஆண்டில் முதல் வந்திருக்கும். விற்பவர் காட்டுகிற "2 ஆண்டில் வசூல்" அட்டவணையில் எந்த எரிபொருள் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கொதிகலன்

மேலே உள்ள கணக்கையே இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். உங்கள் மொத்தத் தேவை 1,87,000 கிலோகலோரி. 60 சதவீத பாய்லரில் அது 90 கிலோ விறகு. கேன் கழுவும் ஸ்டீம் ஜெட்டுக்கு இன்னொரு 15 கிலோ சேருங்கள். நீங்கள் எரிப்பது 220. மீதி 115 கிலோ எங்கே போகிறது? சோலார் போடும் முன் இதைத் தேடுங்க சார், இதற்கு வெயில் தேவையில்லை.

போகக்கூடிய இடங்கள்: ஒரு நாளில் பாய்லரை இரண்டு முறை குளிரிலிருந்து ஏற்றுவது. உறை இல்லாத ஸ்டீம் லைன், குறிப்பாக வால்வும் ஃப்ளாஞ்சும். திறந்தே நிற்கும் ஸ்டீம் ட்ராப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு). ட்ராப்புக்குப் பின்னால் உள்ள குழாயைத் தொட முடியாத அளவு சூடு, சீறல் ஓயாமல் கேட்கிறது என்றால் ட்ராப் போச்சு. சாக்கடைக்குப் போகும் கண்டன்சேட் (ஸ்டீம் ஆறி வந்த வெந்நீர்). 600 பி.பி.எம். தண்ணீரை அப்படியே ஃபீட் கொடுத்தால் ப்ளோடவுனிலேயே (உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரைத் திறந்துவிடுவது) நிறைய வெந்நீர் போகும், மீதி உப்பு பாய்லர் ட்யூப்பில் படியும். ஈர விறகு: வெட்டி ஒரு மாதம் கூட காயாத கருவேலத்தில் 3,500 கிலோகலோரி கிடைக்காது. அடுக்கி, கூரை போட்டு, 3 மாதம் காய விடுங்கள்.

அடுத்தது பாலைக் குளிரவைக்கும் சில்லர். கேன் பால் 3,000 லிட்டரை 32-லிருந்து 4-க்கு இறக்குவதும், பாஸ்ச்சரைசருக்குப் பின் 5,000 லிட்டரில் கடைசி 8 டிகிரி இறக்குவதும் சேர்ந்து 1,18,000 கிலோகலோரி. கம்ப்ரசர் வேலையும் சேர்ந்து கண்டன்சரில் ஒன்றரை லட்சம் அளவுக்கு வெளியே கொட்டுகிறீர்கள். கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் லைனில் ஒரு டீசூப்பர்ஹீட்டர் (அங்கே வரும் சூடான வாயுவில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) போட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு 55 டிகிரி தண்ணீராகத் திரும்பும். அதாவது ஏறக்குறைய 1,000 லிட்டர், மழை நாளிலும், ராத்திரியிலும்.

இதை முதலில் போட்டால் சோலார் 3,000 லிட்டருக்குப் போதும். 63 சதுர மீட்டர் 48 ஆகக் குறையும். ஒன்று மட்டும் கவனம்: டீசூப்பர்ஹீட்டரின் தண்ணீரைக் கொண்டுபோய் சோலார் டேங்கின் அடியில் விடாதீர்கள். அடி சூடானால் பேனலுக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்காது, இரண்டும் ஒரே வேலைக்கு அடித்துக்கொள்ளும். தனி 1,000 லிட்டர் தொட்டி, க்ரேட் வாஷருக்கு நேரடி லைன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று பல ஆலைகளில் இருக்கிறது. சோலார் டேங்குக்குள்ளேயே ஸ்டீம் காயில் போட்டுவிடுவார்கள், "பேக்கப்" என்று. ஆப்பரேட்டர் காலை 6 மணிக்கே ஸ்டீமைத் திறந்து 70 ஆக்கிவிடுவார். 9 மணிக்கு வெயில் ஏறும்போது டேங்க் ஏற்கெனவே சூடு, பம்ப் ஓடவே ஓடாது. ஒரு மாதம் கழித்து "சோலார் வேலை செய்யல" என்று புகார் வரும். ஸ்டீம் ஹீட்டரை டேங்குக்கு வெளியே, சி.ஐ.பி. போகும் லைனில் தகடு எக்ஸ்சேஞ்சராக (இரண்டும் கலக்காமல் தகடு வழியே வெப்பத்தை மாற்றும் கருவி) போடுங்கள். சோலார் 60 கொடுத்தால் அது 15 டிகிரி மட்டும் ஏற்றும், மழை நாளில் முழுதும் ஏற்றும். சி.ஐ.பி.யில் காஸ்டிக் (காரம்) 1 முதல் 1.5 சதவீதம் 75 டிகிரியில், நைட்ரிக் ஆசிட் 0.8 முதல் 1 சதவீதம் 60-65-இல். ஆசிட் சுற்றுக்கு பல நாள் ஸ்டீமே வேண்டியிருக்காது. உற்பத்திக்கு முன் 85-90 டிகிரி வெந்நீர் ஓட்டும் கடைசி சுற்றுக்கு மட்டும் ஸ்டீம் கட்டாயம்.

பாய்லர் ஃபீடையும் சோலாரில் சூடாக்கலாம், 6 டிகிரிக்கு 1 சதவீதம் எரிபொருள் மிச்சம். ஆனால் ஃபீட் பம்ப் தரை மட்ட தொட்டியிலிருந்து உறிஞ்சினால் 70-க்கு மேல் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவியாகும், கல் அரைக்கும் சத்தம் வரும், இம்பெல்லர் போகும். தொட்டியை பம்புக்கு மேல் 2-3 மீட்டர் உயர்த்திய பிறகு செய்யுங்கள்.

உப்புத்தண்ணீர்

600 பி.பி.எம். என்றால் 4,000 லிட்டரில் தினம் 2.4 கிலோ கடின உப்பு. அதில் பைகார்பனேட் பங்கு 60 டிகிரி தாண்டினால் சுண்ணாம்பாக உட்காரும். தகடு பேனலில், அதாவது கண்ணாடிக்கு அடியில் தகடும் குழாயும் உள்ள வகையில், ரைசர் (மேலேறும்) குழாய் 12 மி.மீ. சொச்சம்தான், அதில் நேராக இந்தத் தண்ணீரை விட்டால் ஒன்றிரண்டு கோடையில் அடைத்துக்கொள்ளும். முதலில் மேல்முனை ரைசர்கள் அடைக்கும், ஏனென்றால் சூடு அங்கேதான் அதிகம். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. மதியம் 12 மணிக்குப் பேனல் கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள், அடைத்த பேனல் பக்கத்துப் பேனலைவிடச் சூடாக இருக்கும்.

வேக்குவம் ட்யூப், அதாவது தண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே நிற்கும் வகை: அடியில் சேறு போல் சுண்ணாம்பு சேரும். கழற்றிக் கழுவலாம், அது ஒரு வசதி. ஆனால் ரப்பர் ரிங்கில் நிற்கும் அமைப்பு, அழுத்தம் தாங்காது. பம்ப் அழுத்தத்தில் க்ரேட் வாஷருக்கு நேராகத் தள்ள முடியாது.

வழி: மூடிய சுற்று. பேனல் பக்கம் சாஃப்ட் தண்ணீர் ஒரே முறை நிரப்பி அரிப்புத் தடுப்பான் போட்டு மூடிவிட வேண்டும். சமவெளியில் உறைபனி கிடையாது, க்ளைக்கால் (உறையாமல் தடுக்கும் திரவம்) வேண்டாம், ஊட்டியாக இருந்தால் வேண்டும். அங்கிருந்து தகடு எக்ஸ்சேஞ்சர் வழியாகத் தொட்டித் தண்ணீருக்கு வெப்பம்.

ஆனால் எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம் போர் தண்ணீரையே விட்டால் சுண்ணாம்பு பேனலுக்குப் பதில் அங்கே உட்காரும். சாஃப்ட்னர் (கடினத்தன்மை நீக்கும் கருவி) கட்டாயம். ஃபீடையும் சேர்த்து 4,900 லிட்டருக்குத் தினம் 2.9 கிலோ. ஒரு லிட்டர் ரெசின் 50 கிராம் பிடிக்கும் என்றால் 60 லிட்டர் ரெசின், தினம் ஒரு முறை உப்புத் தண்ணீர் ஓட்டி ரெசினைப் புதுப்பிக்க வேண்டும், ரெசின் லிட்டருக்கு 150 கிராம் என்று 9 கிலோ உப்பு. உப்பு மூட்டை செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும், யாரும் சேர்ப்பதில்லை.

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுக்கும், குளோரைடை எடுக்காது. உப்பு ஓட்டிய பின் கழுவுதல் குறைந்தால் குளோரைடு இன்னும் கூடும். 304 எஃகுத் தொட்டியில் 60 டிகிரிக்கு மேல் குளோரைடு தண்ணீர் நின்றால் வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை விழும், பிறகு விரிசல். போர் தண்ணீரில் குளோரைடு 200 பி.பி.எம். தாண்டினால் 316, அல்லது உள்ளே பூச்சு போட்ட இரும்புத் தொட்டி. தண்ணீர் ரிப்போர்ட்டில் கடினத்தன்மைக்குக் கீழேயே குளோரைடு இருக்கும், பாருங்கள்.

பெருந்துறை_பால்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ட்ராப் மூணும் பார்த்தேன், ரெண்டு சீறுது. இன்னும் ரெண்டு சந்தேகம். கம்பெனிக்காரர் ட்யூப்தான் தகடைவிடத் திறன் அதிகம்னு உறுதியாச் சொல்றார். அப்புறம் திருமலையில பெரிய பெரிய கண்ணாடித் தட்டு வெச்சு ஸ்டீமே எடுத்தாங்களே, அது நமக்கு ஆகாதா?

நிழல்வெயில்

ட்யூப் எந்தச் சூட்டில் திறன் அதிகம் என்று அவரிடம் கேளுங்கள். வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், வெளியே 30 டிகிரி என்று வைப்போம். தண்ணீர் சராசரி 50 டிகிரியில் தகடு 64 சதவீதம் பக்கம் பிடிக்கும், ட்யூப் 61. 75 டிகிரியில் தகடு 48-க்கு இறங்கும், ட்யூப் 56-இல் நிற்கும். உங்கள் வேலை 28-லிருந்து 60 வரை. அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை, தண்ணீர், அழுத்தம் இவற்றைப் பார்த்தால் செப்புத் தகடு பேனல் என்பது என் கட்சி. தேவை 80 டிகிரியாக இருந்திருந்தால் ட்யூப் பக்கம் பேசியிருப்பேன்.

தட்டு விஷயம்: திருமலையில் 2002 முதல் வெயிலைக் குவிக்கும் 106 ஷெஃப்லர் வகைத் தட்டுகள் அன்னதானக் கூடத்துக்கு ஸ்டீம் கொடுத்தன. மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மகாநந்தா பால்பண்ணையில் 160 சதுர மீட்டர் 'அருண்' என்ற குவிதட்டு ஒன்று பாஸ்ச்சரைசருக்கே இணைக்கப்பட்டது. தொழில்நுட்பம் நடக்கும். ஆனால் குவிக்கிற தட்டுக்கு நேர் கதிர் வேண்டும், மெல்லிய மேகத்தில் சிதறி வரும் வெளிச்சம் அதற்கு உதவாது. தகடு பேனல் அதையும் பிடிக்கும். சூரியனைத் துரத்தும் மோட்டார், கியர், வாரா வாரம் கண்ணாடி துடைக்க ஆள், காற்றுக்கு ஏற்ற அஸ்திவாரம் எல்லாம் சேரும். 5,000 லிட்டர் ஆலைக்கு விறகு 6 ரூபாய் விற்கும்போது இது கட்டுபடியாகாது.

நீங்கள் பார்க்க வேண்டிய உதாரணம் ஆஸ்திரியாவின் கோஸ் மதுவாலை. 2013-இல் 1,500 சதுர மீட்டர் சாதாரண தகடு பேனல் போட்டார்கள். அதற்கு முன் அவர்கள் செய்ததுதான் முக்கியம்: ஸ்டீமில் சூடேறிக்கொண்டிருந்த மாவு ஊறும் பாத்திரத்தை வெந்நீரில் சூடேறும்படி மாற்றினார்கள். 58 முதல் 78 டிகிரி வேலைக்கு ஸ்டீம் எதற்கு என்ற கேள்விதான். உங்கள் காஸ்டிக் தொட்டிக்கும் அதே கேள்வி பொருந்தும்.

கேன், க்ரேட் கழுவுவது பற்றி ஒன்று, யாரும் சொல்லவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி 75-80 டிகிரிக்குப் போகும். அதை அப்படியே முதல் அலசலுக்கு விட்டால் கேன் ஓரத்தில் இருக்கும் பால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். உள்சுவரில் விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று மங்கலான படலம் வரும், காஸ்டிக்கைக் கூட்டினாலும் சீக்கிரம் போகாது. முதல் அலசல் 35-45 டிகிரி, கழுவும் கட்டம் 50-55. தொட்டி வாயில் கலப்பு வால்வு போட்டால் குளிர்ந்த தண்ணீர் தானே சேர்ந்து சூடு நிலையாக நிற்கும். இல்லாவிட்டால் "சோலார் போட்ட பிறகு கேன் நாறுது" என்ற பேச்சுதான் மிஞ்சும்.

வெப்பக்கணக்கு

அப்படியானால் 48 சதுர மீட்டர், 2 சதுர மீட்டர் பேனல் 24. அமைப்பு இப்படி:

வரிசைக்கு 6 என்று 4 வரிசை. 6-க்கு மேல் ஒரே ஹெடரில் (பேனல்களை இணைக்கும் பொதுக் குழாய்) கோத்தால் நடுப் பேனல்களுக்கு ஓட்டம் குறையும். நான்கு வரிசைக்கும் ரிட்டர்ன் குழாயைத் தலைகீழாக எடுங்கள்: முதலில் தண்ணீர் வாங்கும் வரிசை கடைசியில் விட வேண்டும். அப்போது எல்லாவற்றுக்கும் குழாய் நீளம் ஒன்று, பேலன்சிங் வால்வைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தெற்கு பார்த்து 15-20 டிகிரி சாய்வு. உங்கள் அட்சரேகை 11-தான், ஆனால் வெயில் குறையும் மாதங்கள் நவம்பர் முதல் ஜனவரி, அப்போது சூரியன் தெற்கே. தூசியும் வழிந்து போகும். பாய்லர் புகையைக் காற்று கொண்டுபோகும் பக்கம் வைக்காதீர்கள், விறகுப் புகையின் எண்ணெய்க் கரி வெறும் தண்ணீரில் போகாது.

ஓட்டம் சதுர மீட்டருக்கு மணிக்கு 45 லிட்டர், மொத்தம் 2,200. உச்சி வெயிலில் 26 கிலோவாட் வரும், எக்ஸ்சேஞ்சரை அதற்கு 5 டிகிரி இடைவெளியில் தேர்ந்தெடுங்கள். சின்னதாக வாங்கி 10 டிகிரி இடைவெளி விட்டால் அத்தனை நேரமும் பேனல் 5 டிகிரி கூடுதல் சூட்டில் வேலை செய்யும். கன்ட்ரோலர் 7 டிகிரி வித்தியாசத்தில் பம்பைப் போட்டு 3-இல் நிறுத்த வேண்டும். சென்சாரைப் பேனலின் வெளிவாய் குழாய்க்குள் பாக்கெட்டில் வையுங்கள், குழாய் மேல் டேப் சுற்றி ஒட்டினால் பத்து நிமிடம் தாமதமாகப் படிக்கும்.

தொட்டி 3,500 லிட்டர், நிமிர்ந்தது, உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. படுத்த தொட்டியில் சூடும் குளிரும் கலந்துவிடும். நிறைந்தால் 4 டன், தரையில் தனி மேடை. ஷீட் கூரையில் பேனல் மட்டும், அதுவும் ட்ரஸ்ஸைப் பார்த்த பிறகு. 100 மி.மீ. ராக்வூல், மேலே அலுமினியத் தகடு. வெளிக்குழாயில் கறுப்பு ரப்பர் உறை வெயிலில் வெடிக்கும், அணில் கொறிக்கும். அதன் மேலும் தகடு வேண்டும்.

பெருந்துறை_பால்

மதியம் கரண்ட் போச்சுன்னா? இங்கே மெயின்டனன்ஸ் நாளில் காலை 9-லிருந்து சாயங்காலம் வரை இருக்காது. ஜெனரேட்டர் சில்லருக்கே சரியாப் போகும்.

கொதிகலன்

பம்ப் அரை குதிரைத்திறன் கூட வராது, ஜெனரேட்டரில் அதையும் சேர்த்துவிடுங்க சார். சேர்க்காவிட்டாலும் தாங்கும்படி கட்டலாம். ஓட்டம் நின்றால் தகடு பேனல் 150 டிகிரி தாண்டும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மீதியைக் குழாய்க்குள் தள்ளும். அந்தத் தண்ணீர் போக இடம் வேண்டும். 24 பேனலில் 45 லிட்டர், சுற்று விரிவு 6 லிட்டர், அழுத்த விகிதத்தோடு 100 லிட்டர் எக்ஸ்பான்ஷன் வெசல். பலர் வீட்டு பிரஷர் பம்பின் 24 லிட்டர் வெசலை மாட்டிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு பவர்கட்டுக்கும் 6 பார் சேஃப்டி வால்வு துப்பும், சுற்றில் காற்று ஏறும், மறுநாள் பம்ப் வெறுமனே சுற்றும். பேனலுக்கும் வெசலுக்கும் நடுவில் எந்த அடைப்பு வால்வும் கூடாது. வெசலைப் பம்பின் உறிஞ்சு பக்கம், ஒரு மீட்டர் உறையில்லாத குழாயில் தொங்கவிடுங்கள், ரப்பர் பை வேகாமல் இருக்கும்.

கரண்ட் வந்ததும் பம்ப் உடனே ஓடக் கூடாது. பேனல் சென்சார் 110-க்கு மேல் காட்டினால் கன்ட்ரோலர் தடுக்க வேண்டும், அது ஆறிய பிறகுதான் ஓட்டம். கொதிக்கும் செப்புக் குழாயில் தண்ணீர் பாய்ந்தால் டமார் என்று அடிக்கும், ஹெடர் பற்றவைப்பு விடும். தண்ணீர் நிற்கும் ட்யூப்பாக இருந்தால், காய்ந்து கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஏறியதும் வெடிக்கும்.

கொட்டேஷனில் ஒரு ஹீட் மீட்டரையும் சேர்க்கச் சொல்லுங்கள், தொட்டிப் பக்கத்துச் சுற்றில், எக்ஸ்சேஞ்சருக்கும் டேங்குக்கும் நடுவில். நல்ல வெயில் நாளில் 110 கிலோவாட் மணி காட்ட வேண்டும். 90-க்குக் கீழே இறங்கினால் முதலில் கண்ணாடித் தூசி, அடுத்து ஏர் வென்ட், அதற்கடுத்து எக்ஸ்சேஞ்சர். கடைசிப் பாக்கித் தொகையை ஒரு மாத மீட்டர் கணக்கைப் பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.